தொட்டி அடியில கல்லு கொட்டுறத நிறுத்துங்க, மொதல்ல ஓட்டைய போடுங்க

போன ஞாயித்துக்கெழம கடை தொறந்து பத்து நிமிஷம்கூட ஆகல, ஒரு அக்கா காருலேருந்து பெரிய பீங்கான் தொட்டி ஒண்ண எறக்க முடியாம எறக்கிட்டு வந்தாங்க. உள்ள கருவேப்பிலை செடி, எல எல்லாம் கொட்டி குச்சியா நிக்குது. "தம்பி, உங்க செடியே சரியில்ல லா, இதோட நாலாவது"ன்னாங்க. நான் ஒண்ணும் பேசல, மண்ணுல விரல விட்டேன், சேறு. மோந்து பாத்தா லோங்காங், அதான் சாக்கடை வாடை. சாய்ச்சுப் பாத்தா அடியில ஓட்டையே இல்ல. கேட்டா, "அதான் அடியில மூணு இஞ்சுக்கு கல்லு போட்டிருக்கேனே"ங்கிறாங்க. அந்த வாரத்துல மட்டும் இது மூணாவது தொட்டி. அதனாலதான் இத உக்காந்து டைப் பண்றேன், கொஞ்சம் சூடா இருந்தா பொறுத்துக்குங்க.

மலேசியாவுல சுங்கை சிப்புட்ல பத்தொம்பது வருஷமா நர்சரி நடத்துறேன். அதுக்கு முன்னாடி எங்கப்பா தோட்டத்துல செம்பனை நாத்து போடுற எடத்துல வேல செஞ்சாரு, நான் சின்ன வயசுலேருந்து அந்த கருப்பு பாலிபேக்குக்கு நடுவுலதான் வளந்தேன். அந்தப் பைய யாராவது பாத்திருக்கீங்களா, கீழ்ப் பாதி முழுக்க வரிசையா ஓட்டை ஓட்டையா இருக்கும். நாத்து அதுல ஒரு வருஷம் கிட்ட நிக்கும், மழை கொட்டும், ஒண்ணும் அழுகாது. காசு எண்ணி செலவு பண்ற தோட்டத்துக்காரன் அவ்ளோ ஓட்டை போட்டு வாங்குறான், நாம நூறு வெள்ளி குடுத்து ஓட்டையே இல்லாத தொட்டி வாங்கிட்டு வர்றோம்.

சரி, அந்த கல்லு விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா இதச் சொல்லிச் சொல்லி எனக்கு தொண்டை வத்திப் போச்சு. கல்லு போட்டா தண்ணி கீழ எறங்கி கல்லுக்குள்ள நின்னுக்கும், வேரு மேல காஞ்சு இருக்கும்னு எல்லாரும் நெனைக்கிறாங்க. அப்படி நடக்காது. பாத்திரம் கழுவுற ஸ்பாஞ்ச தண்ணியில நல்லா முக்கி எடுத்து உள்ளங்கையில படுக்க வைங்க, கொஞ்சம் சொட்டும், அப்புறம் நின்னுடும், ஆனா உள்ள இன்னும் தண்ணி இருக்கும். இப்ப அதே ஸ்பாஞ்ச நிமித்தி வைங்க, திரும்ப சொட்டும். அதாவது அடியில ஒரு அளவு தண்ணிய ஸ்பாஞ்ச் விடாமப் பிடிச்சு வச்சிருக்கும், ஒசரம் கூடுனா மேல் பாகம் காயும், அடி ஈரம் அடியிலயே இருக்கும். மண்ணும் அதே மாதிரிதான். பொடி மண்ணுலேருந்து பெரிய கல்லுக்கு தண்ணி லேசுல எறங்காது, மேல உள்ள மண்ணு நல்லா ஊறி இனி தாங்காதுங்குறப்பதான் எறங்கும். அப்ப என்னாச்சு, தொட்டியோட அடியில இருக்க வேண்டிய அந்த சேறு கல்லுக்கு மேல ஏறி உக்காந்துக்கிச்சு. ஒரு அடி தொட்டியில மூணு இஞ்சு கல்லு போட்டா வேருக்கு ஒம்பது இஞ்சுதான் மிச்சம், அதுலயும் அடி பூரா சேறு. ஓட்டையும் இல்லைன்னா அது தொட்டியே இல்ல, கெணறு. இதுல பெரிய கொடுமை என்னன்னா, வேரு அழுகுன செடி தண்ணி இல்லாத செடி மாதிரியே வாடும், உடனே பாவம்னு இன்னும் ரெண்டு சொம்பு ஊத்துவோம்.

மண்ணு ஓட்டை வழியா கொட்டுதா? ஒரு துண்டு கொசுவலைய வெட்டி அடியில போடுங்க, முடிஞ்சது.

ஓட்டை இருக்குற தொட்டியயும் டைல்ஸ் மேல அப்படியே வச்சா ஓட்டை அடைச்சுக்கும், கீழ மூணு செங்கத் துண்டு குடுங்க. அழகுத் தொட்டிதான் வேணும், ஓட்டை போட மனசு வரலைன்னா, செடிய ஓட்டை உள்ள பிளாஸ்டிக் தொட்டியோட அதுக்குள்ள எறக்கி வைங்க, தண்ணி ஊத்தும்போது வெளிய எடுத்து ஊத்தி நல்லா வடிய விட்டு திரும்ப வைங்க. வீட்டுக்குள்ள வெக்கிறவங்க எல்லாரும் இப்படித்தான் செய்யணும், ஹால்ல வெயிலு கெடையாது, மண்ணு காய வெளிய விட ரொம்ப நாளாகும்.

இப்ப எந்த தொட்டி நிக்கும்னு கேட்டா, நம்ம ஊருல தொட்டிய உடைக்கிறது வெயிலுதான். ராத்திரிச் சந்தை, பாசார் மாலாம்ல விக்கிற செவப்பு, மஞ்ச கலர் மெல்லிசு பிளாஸ்டிக் ஒரு வருஷம் ரெண்டு வருஷத்துல வெளுத்து, தூக்கும்போது விளிம்பு மட்டும் கையோட வந்துரும். வாங்கும்போது அடியத் திருப்பிப் பாருங்க, முக்கோணத்துக்குள்ள பிளாஸ்டிக் வகை நம்பர் 2 இல்லாட்டி 5-ன்னு இருந்தா பரவால்ல, விளிம்பு மடிச்சு தடிமனா இருக்கணும், அமுக்குனா நெளிஞ்சிட்டு திரும்ப வரணும். யாருக்கும் புடிக்காத அந்த நர்சரி கருப்பு தொட்டி இருக்கே, அதுல கலக்குற கரியே வெயில தடுக்கும், அதனால அதுதான் ரொம்ப நாள் வரும். ஆனா மத்தியான வெயில்ல கருப்பு சூடாகி வேர அவிச்சுடும், அதனால வெயில் படுற பக்கம் வேற ஒரு தொட்டிய நிழலுக்கு நிறுத்திக்குங்க.

மண் தொட்டி எனக்கு ரொம்ப புடிக்கும். வெள்ளக்காரன் நாட்டுல பனியில வெடிச்சுடும்னு பயப்படுவாங்க, நமக்கு பனியா பெய்யுது? இங்கேருந்து கொஞ்ச தூரத்துல கோலகங்சார் பக்கம் சாயோங்ல லாபு செய்றாங்களே, அந்த கருப்பு மண் கூஜாவுல தண்ணி எப்படி ஜில்லுன்னு இருக்குன்னு தெரியும்ல, சுவர் வழியா ஈரம் வெளிய போகுது, மண் தொட்டியிலயும் அதேதான். தண்ணி ஊத்தியே செடிய கொல்றவங்களுக்கு இதுதான் மருந்து. பானை வாங்குற மாதிரி தட்டிப் பாத்து வாங்குங்க, டங்குன்னு கேக்கணும், டொப்புன்னா எங்கயோ கீறல்.

சிமெண்டு தொட்டி பிள்ளைங்க காலம் வரைக்கும் நிக்கும், ஆனா புதுசுல சுண்ணாம்பு கசியும். இட்லிப்பூ வச்சவங்க எல மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா நிக்குதுன்னு போட்டோ அனுப்புறீங்களே, பாதி பேருக்கு காரணம் அதுதான். புதுத் தொட்டியையும் துளசி மாடத்தையும் ரெண்டு மூணு வாரம் தண்ணி நிரப்பி மாத்தி மாத்தி கொட்டிட்டு அப்புறம் மண்ணு போடுங்க. பலகையில தொட்டி செய்றவங்க, சரக்கு அடுக்கி வர்ற மரப் பேலட்ல உள்ள முத்திரைய பாருங்க, HT-ன்னா சூடு காட்டுனது, MB-ன்னா விஷப் புகை போட்டது, அது வேணாம்.

தட்டு. தொட்டிக்குக் கீழ வெக்கிற தட்டு. இதுக்கு நான் கெஞ்சுறேன். டிங்கி காய்ச்சல் பரப்புற ஏடிஸ் கொசுவோட முட்டை கொசுவாக ஏழுலேருந்து பத்து நாள் போதும், தண்ணி வத்துனாலும் முட்டை ஓரத்துல ஒட்டிக்கிட்டு மாசக்கணக்குல உசுரோட கெடக்கும். அதனால தண்ணிய கொட்டுனா மட்டும் பத்தாது, வாரம் ஒருக்கா பிரஷ் வச்சு தேய்ங்க. வெளிய வெக்கிற தொட்டிக்கு தட்டே வேணாம். டயர்ல செடி வெக்கிறவங்களுக்கும் சேத்துதான் சொல்றேன், உள் மடிப்புல தண்ணி நிக்கும், கீழ ஓட்டை போடுங்க. 1975-ஆம் வருஷ கொசு சட்டத்துல 500 வெள்ளி வரைக்கும் கம்பௌண்டு, அதான் அபராதம் வரும், டிங்கி வந்து படுத்தா அந்த காசு ஒண்ணுமே இல்ல.

அப்புறம் மருந்து டின்னு. தோட்டத்து லயத்துலேருந்து தாமான் வீட்டுக்கு வந்தும் இந்தப் பழக்கம் போகல. புல்ல சாகடிக்கிற மருந்து வந்த பிளாஸ்டிக் டின்ன வெட்டி அதுல கருவேப்பிலை, பொதினா நடுறாங்க, ஒரு ஐயா அதுலயே தண்ணி புடிச்சு வச்சு ஊத்துறாரு. "நல்லா கழுவிட்டேன்ப்பா"ங்கிறாரு. பாராக்குவாட்ங்குற புல்லு மருந்த 2020 சனவரியிலேருந்து மலேசியாவுலயே தடை பண்ணியாச்சு, பழைய டின்னு இன்னும் வீட்டுப் பின்னாடி கெடக்கு. பிளாஸ்டிக்குல ஊறுனது சோப்புக்கு போகாது. ஓட்டை போட்டு தூக்கிப் போடுங்க, சாப்புடுற எதையும் அதுல வெக்காதீங்க, கெஞ்சிக் கேட்டுக்குறேன்.

பிளாட்ல இருக்கவங்க, பால்கனி கட்டை மேல தொட்டி வேணாம். 2018-ல கோலாலம்பூர்ல பிளாட் மேலேருந்து விழுந்த நாற்காலி ஒரு ஸ்கூல் பையன் உசுர எடுத்தது நமக்கு மறக்காது. மழையில நனைஞ்ச தொட்டி எவ்ளோ கனம்னு தூக்குனவங்களுக்கு தெரியும்.

அந்த அக்கா தொட்டிக்கு ட்ரில்லுல டைல்ஸ் பிட்ட மாட்டி, அது இடிக்கிற ஹேமர் மோட ஆஃப் பண்ணிட்டு, தண்ணி விட்டு விட்டு மெதுவா மூணு ஓட்டை போட்டு வச்சிருக்கேன், கீறல் இல்ல. புது கருவேப்பிலை கன்னும் வச்சாச்சு. அக்கா, வந்து எடுத்துக்குங்க, கல்ல மட்டும் நான் குடுக்க மாட்டேன்.