நொதி அசைவியல்: சொல்லும் பொருளும்

‘என்சைம் டைனமிக்ஸ்’ என்னும் தொடரை ‘நொதி இயக்கவியல்’ என்று தமிழாக்குவோர், ‘என்சைம் கைனெட்டிக்ஸ்’ வரும்போதும் அதே சொல்லையே எழுதிவிடுகின்றனர். இரண்டும் வெவ்வேறு செய்திகளைப் பேசுவன. ஒரே பெயர் இட்டால் படிப்பவர் தடுமாறுவது உறுதி.

முதலில் நொதி, அதாவது உயிர்களுக்குள் வேதிவினைகளை விரைவுபடுத்தும் புரதம். ‘என்சைம்’ என்ற பெயரை 1870-களில் வழங்கியவர் ஜெர்மானிய உடலியங்கியல் அறிஞர் வில்ஹெல்ம் கூனே. கிரேக்கத்தில் ‘என்’ என்றால் உள்ளே, ‘சைமே’ என்றால் புளிமா. புளிமாவுக்குள் இருப்பது என்பது திரண்ட பொருள். இரவில் கரைத்து வைத்த இட்லி மாவு, விடியற்காலையில் குமிழிட்டுப் பொங்கி மூடியைத் தொட்டு நிற்கிறதே, அதுவே நொதித்தல். அவ்வினையடியே பெயராகி ‘நொதி’ ஆயிற்று. இலங்கைப் பாடநூல்கள் ‘நொதியம்’ என்கின்றன. கிரேக்கச் சொல்லும் தமிழ்ச் சொல்லும் அடுக்களையிலிருந்தே புறப்பட்டவை என்பதால், இதனினும் பொருத்தமான நிகரன் வேண்டியதில்லை.

சிக்கல் அடுத்த சொல்லில்தான். ‘கினேசிஸ்’ என்னும் கிரேக்க வேருக்கு அசைவு என்றும், ‘டைனமிஸ்’ என்பதற்கு வலிமை என்றும் பொருள். ஆனால் நொதியியலில் கைனெட்டிக்ஸ் என்பது, 1913-இல் மிக்கேலிஸ், மென்டென் என்னும் அறிஞர்கள் சமன்பாடாக வகுத்துத் தந்த வினையின் வேகத்தைக் குறிக்கிறது. மூலக்கூறு தன் உடலையே வளைத்து, திறந்து, மூடும் அசைவைக் குறிப்பது டைனமிக்ஸ். வேர்ப்பொருளை நம்பி மொழிபெயர்த்தால் இரண்டும் இடம் மாறிவிடும். முன்னதற்குத் தமிழ்நாட்டுப் பாடநூல்களின் ‘வேதிவினை வேகவியல்’ வழியே ‘வினைவேகவியல்’ இருக்கிறது. பின்னதற்கு ‘அசைவியல்’ என்பதே தகும் என்பது என் உறுதியான கருத்து.

1894-இல் வேதியியல் அறிஞர் எமில் ஃபிஷர் நொதியைப் பூட்டுக்கும், அது பற்றும் வினைபடுபொருளைச் சாவிக்கும் ஒப்பிட்டார். பூட்டு வளைவதில்லை, நொதி வளைகிறது என்று 1958-இல் உயிர்வேதியியல் அறிஞர் கோஷ்லாண்ட் திருத்தினார். அடினைலேட் கைனேஸ் என்னும் நொதியில் இதைத் தெளிவாகக் காணலாம்: வினைபடுபொருள் உள்ளே அமர்ந்ததும் மூடி போன்ற ஒரு பகுதி கவிந்துகொள்கிறது, வினை முடிந்தபின் அம்மூடி மீண்டும் திறப்பதே தாமதமான படியாகும். கொதிநீரை ஒட்டிய வெப்பத்தில் வாழும் பாக்டீரியத்தின் அதே நொதி, அறை வெப்பநிலையில் மந்தமாக இருப்பதற்கும் அதன் மூடி மெல்லத் திறப்பதே காரணம் என்று 2004-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

அப்படியானால், அசைவைக் கூட்டினால் வினையூக்கம் கூடுமா? எப்போதும் கூடும் என்று சொல்ல முடியாது. கணினியில் வடிவமைக்கப்பட்ட எச்.ஜி.3 என்னும் நொதியை, மாற்றங்களைப் புகுத்திச் சிறந்ததைத் தெரிந்தெடுக்கும் முறையில் 17 சுற்றுகள் செப்பனிட்டு, 2013-இல் எச்.ஜி.3.17 என்ற வடிவத்தை எட்டினர். நொதியில்லா நிலையைவிட வினை ஏறத்தாழ 60 கோடி மடங்கு விரைந்தது. பின்னர் 2020-இல் அதன் வடிவங்களை ஆராய்ந்தபோது, பயனற்ற நிலைகளில் அலைவது குறைந்து, வினைக்கு உகந்த நிலையிலேயே மூலக்கூறு பெரிதும் தங்கியிருப்பது தெரிந்தது. ஆதலால் நொதியின் அசைவை மாற்றியமைக்கும் இப்பணியை ‘அசைவூட்டல்’ என்பது பிழையாகும். வேண்டிய அசைவை வைத்து வேண்டாததைக் களையும் இதற்கு ‘நொதி அசைவுச் சீரமைப்பு’ என்பதே பொருந்தும்.