பார்க்கின்சன் மாத்திரையைப் பாலோடு கொடுக்காதீர்கள்

கடலூர், நெல்லிக்குப்பம், பாகூர் பக்கமிருந்து பார்க்கின்சன் நோயுள்ள பெற்றோரைப் புதுச்சேரிக்கு அழைத்து வரும் பிள்ளைகள், “மாத்திரை இப்போது கேட்பதே இல்லை, டோஸைக் கூட்டிக் கொடுங்கள்” என்று சொன்னால், மாத்திரையை எதோடு கொடுக்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன். சென்ற வாரம் வந்த பெரியவரின் விரல்கள் சட்டைப் பொத்தானைப் பிடித்தபடியே உறைந்து நின்றன; காலை லெவோடோபா மாத்திரையைப் புரோட்டீன் பவுடர் கலந்த ஒரு டம்ளர் பாலோடு விழுங்கியிருந்தார். “சூட்டு மாத்திரை டாக்டர், வெறும் வயிற்றில் கொடுத்தால் புண்ணாகிவிடுமே” என்றார் மகள்.

இந்தப் பயத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. வலி மாத்திரைகளைப் போல வயிற்றுச் சுவரை அரிக்கும் மருந்தன்று இது. குமட்டல் வருவது உண்மை. ஆனால் அது பெரும்பாலும், இந்த மருந்திலிருந்து உடலில் உருவாகும் டோபமைன் மூளைத்தண்டிலுள்ள வாந்தி மையத்தைத் தூண்டுவதால் வருவது, வயிறு புண்ணானதால் அன்று. குமட்டினால் இரண்டு பிஸ்கட்டோ சிறிது அரிசிக் கஞ்சியோ போதும், பால் வேண்டாம். முன்பே அல்சர் இருந்தவர்கள் மட்டும் அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

அசைவுகளைச் சீராக்கும் டோபமைன் என்ற வேதிப்பொருள் மூளையில் குறைவதால் வருவது பார்க்கின்சன். டோபமைனை நேரடியாகக் கொடுத்தால் அது மூளைக்குள் நுழையாது என்பதால்தான், உள்ளே போய் டோபமைனாக மாறும் லெவோடோபாவைக் கொடுக்கிறோம். சர்ப்பகந்தா மூலிகையிலிருந்து எடுக்கும் ரெசர்பைன் என்ற மருந்து, நரம்பு முனைகளில் சேமித்து வைக்கப்பட்ட டோபமைனைக் காலி செய்துவிடும். அதனால் அசைவற்றுக் கிடந்த முயல்களை ஸ்வீடன் விஞ்ஞானி அர்விட் கார்ல்சன் 1957-இல், டோபமைனாக மாறும் டோபாவைச் செலுத்தி நடமாட வைத்தார். லெவோடோபா ஓர் அமினோ அமிலம். பால், முட்டை, பருப்பு, மீன் ஆகியவற்றின் புரதம் செரித்து வரும் அமினோ அமிலங்களும், குடலிலும் பின்னர் மூளையின் வாசலிலும், அதே கடத்திகளில்தான் ஏறியாக வேண்டும். காலை நேரத்துக் கடலூர் பேருந்தைப் போலக் கூட்டம் நெருக்க, மருந்து வெளியே நின்றுவிடுகிறது. இதற்கு டோஸைக் கூட்டினால், வேறு வேளையில் கை கால்கள் தாமாக நெளியத் தொடங்கும்.

ஆகவே மாத்திரையை உணவுக்கு அரை மணி நேரம் முன்போ, உண்டு ஒரு மணி நேரம் கழித்தோ, தண்ணீரோடு கொடுங்கள். புரதத்தை அறவே நிறுத்திவிடாதீர்கள், முதியவர்கள் மெலிந்துபோவார்கள். இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். நரம்புத் தளர்ச்சிக்கென்று வாங்கும் பூனைக்காலி விதைப் பொடியிலும் லெவோடோபாவே இருக்கிறது. அதை எங்களிடம் மறைக்காதீர்கள். கேட்கவில்லை என்று மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் கடுங்காய்ச்சலும் உடல் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வாந்திக்கு மருந்துக்கடையில் மெட்டோகுளோபிரமைடு கேட்டு வாங்காதீர்கள். அது மூளையில் டோபமைனின் வேலையையே தடுத்துவிடும். தயவுசெய்து பழைய சீட்டைக் கையோடு எடுத்துச் சென்று, பார்க்கின்சன் இருப்பதைச் சொல்லிவிட்டு மருந்து கேளுங்கள்.