ஞெலிகோல்

ஹட்டன் பக்கம் சாரணர் பாசறைக்குப் போய்வந்த பிள்ளையின் கொப்பியில் 'உராய்வு நெருப்பு' என்று எழுதியிருந்தது. கட்டையோடு கட்டை தேய்த்து மூட்டும் நெருப்பைச் சொல்கிறார்களாம். பொருள் விளங்குகிறது, சரிதான். ஆனால் நெருப்புக்குச்சியைப் பெட்டியில் கிழிப்பதும் உராய்வுதானே? 1826இல் இங்கிலாந்தில் ஜோன் வாக்கர் கண்டுபிடித்த குச்சியே உராய்வால்தான் பற்றியது. நெருப்புப் பெட்டி இல்லாத நெருப்புக்கு வைத்த பெயர் நெருப்புப் பெட்டிக்கும் பொருந்தினால் எப்படி?

இந்த வேலைக்கென்றே தமிழில் ஒரு பழைய வினை உண்டு: ஞெலிதல். தீ வரும்படி கடைதல், தேய்த்தல் என்று பொருள். ஞெலியும் கோல் ஞெலிகோல். காற்றில் ஒன்றையொன்று உரசித் தீப்பற்றும் மூங்கில் ஞெலிகழை.

புறநானூறு 315இல் ஔவையார் அதியமான் நெடுமான் அஞ்சியை இந்தக் கோலுக்கு ஒப்பிடுகிறார். வீட்டு இறப்பில், அதாவது கூரையின் தாழ்ந்த ஓரத்தில், செருகிய ஞெலிகோல்போல அடங்கியும் இருப்பான், அதிலிருந்து எழும் தீப்போல வெளிப்படவும் செய்வான் என்கிறார். உவமையின் அழகைப் பலரும் பேசுவார்கள். எனக்கு அந்தக் கூரை இறப்புதான் முக்கியம். கோலை ஏன் அங்கே செருக வேண்டும்? நனையாமல் காய்ந்திருக்கத்தான். வைகாசிக்குப் பிறகு மஸ்கெலியாவில் விறகு பொறுக்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கவ்வாத்தில் வெட்டிய தேயிலை மிலாறைக்கூட அடுப்புக்கு மேலே பரணில் ஏற்றி வைத்தால்தான் எரியும்.

ஈரம் ஏன் இவ்வளவு கெடுக்கிறது? அடிக்கட்டையின் குழியில் கோல் சுழலச் சுழல மரம் தேய்ந்து, கருகிய தூளாக உதிர்கிறது. குழியின் ஓரத்தில் வெட்டிய வாயில் அந்தத் தூள் குவிந்து, சூடேறி, தானே கனியத் தொடங்கும். கட்டையில் நீர் இருந்தால் சூடெல்லாம் அதை உலர்த்தவே செலவாகிவிடும். நான் ஒருமுறை ஐப்பசி மழையில் முயன்றேன்; மிச்சம் கொஞ்சம் புகையும் உள்ளங்கைக் கொப்புளமும். இன்னொன்று, கனிந்து வருவது சுவாலை அல்ல, கங்கு. அதைக் காய்ந்த மானாப்புல் சருகில் பொதிந்து பதமாக ஊத வேண்டும். தோட்டத்து லயத்தில் பக்கத்து வீட்டுக் காம்பராவிலிருந்து தணல் வாங்கி வந்து அடுப்பு மூட்டிய அப்பாயிமாருக்கு இந்தப் பாதி வேலை தண்ணீர் பட்ட பாடு.

தீக்கடைகோல் என்ற சொல்லும் நல்ல தமிழ்தான். மோர் கடைகிற அதே 'கடை'. கோலை உள்ளங்கைகளுக்கிடையில் உருட்டினாலும், வில் நாணில் சுற்றி இழுத்தாலும் நடப்பது கடைதலே. ஆனால் பொலினீசியத் தீவுகளில் கட்டையின் பள்ளத்தில் குச்சியை முன்னும் பின்னும் தள்ளித் தீ எடுப்பார்கள். தென்கிழக்காசியாவில் பிளந்த மூங்கிலை இன்னொரு மூங்கில்மேல் வாள்போல அறுப்பார்கள். இவற்றில் எதுவுமே சுழல்வதில்லை, ஆகவே கடைதல் பொருந்தாது. ஞெலிகழை என்ற சொல்லில் வெறும் உரசலையும் ஏற்றுக்கொண்ட ஞெலிதல் இவற்றுக்கும் பொருந்தும். வில்ஞெலி, தள்ளுஞெலி, அறுஞெலி என்று நான் எழுதத் தொடங்கிவிட்டேன். 'ஞெ' வாயில் வராது என்று சிரிப்பவர்கள் தீக்கடைகோலோடு நிற்கலாம்.

யாகசாலையில் கடையும் அரணி வடமொழிச் சொல். சக்கிமுக்கி துருக்கியிலிருந்து வந்தது. அது கல்லைத் தட்டிப் பொறி எடுப்பது, ஞெலிதலே அல்ல.

பெரும்பாணாற்றுப்படையில் ஓர் இடையன் ஞெலிகோலால் தீ எடுத்து, கொள்ளியால் மூங்கிலில் துளையிட்டுக் குழல் செய்கிறான். அந்தக் கொள்ளிக்கு அங்கே பெயர் ஞெகிழி. இன்று பிளாஸ்டிக்கை நெகிழி என்கிறோம். ஹோர்ட்டன் சமவெளித் தேசியப் பூங்காவுக்குள் கொள்ளியையும் விடமாட்டார்கள், பொலித்தீன் உறையையும் விடமாட்டார்கள்.