உதகைக் குளிரில் 16 பார் எங்கே போனது?

"கோவையில் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்துக்குக் காற்று அடைத்துக்கொண்டு மலையேறினோம். மறுநாள் காலை உதகையில் பார்த்தால் மானி 184 காட்டுகிறது. மகளுக்குக் கடன் வாங்கி எடுத்துக்கொடுத்த புதுத் துப்பாக்கி. சிலிண்டர் கசிகிறதா? இனி குண்டு கீழே இறங்குமா?" என்று ஒரு தந்தை கேட்டிருக்கிறார். அவர் மகள் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பிரிவில் போட்டியிடுகிறாள்.

முதல் கேள்விக்குப் பள்ளிப் பாடமே போதும். கொள்ளளவு மாறாத கலனில் அழுத்தம் கெல்வின் வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். கோவையில் 33 டிகிரி என்றால் 306 கெல்வின். உதகையில் விடியற்காலை 8 டிகிரி என்றால் 281 கெல்வின். 200ஐ 281ஆல் பெருக்கி 306ஆல் வகுத்தால் ஏறத்தாழ 184. குளிர்தான் காரணமாக இருக்க வேண்டும்.

இரண்டாவது கேள்விதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது.

வெடிமருந்து என்றதும் நீலகிரிக்காரர்களுக்கு அருவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலை நினைவுக்கு வரும். இந்தத் துப்பாக்கியில் மருந்தே கிடையாது. அடைபட்ட காற்றுதான் 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டைத் தள்ளுகிறது. குண்டின் எடை அரை கிராம், வேகம் நொடிக்கு 150 மீட்டர் அளவில். 10 மீட்டரைக் கடக்க நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரம் ஆகிறது. அதற்குள் புவியீர்ப்பு அதை 22 மில்லிமீட்டர் கீழே இழுத்துவிடும். இந்த இறக்கத்தைக் கணக்கில் வைத்தே குறிபார்க்கும் கருவியை (சைட்) திருத்துகிறோம். ஆனால் வேகம் ஒரு குண்டுக்கு 150, அடுத்ததற்கு 147 என்று மாறினால், இறக்கமும் ஏறத்தாழ 0.9 மில்லிமீட்டர் மாறும். இலக்கு அட்டையில் புள்ளியின் பத்தில் ஒரு பங்கு என்பது 0.8 மில்லிமீட்டர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் 221.7 புள்ளியுடன் வெண்கலம் வென்றார். வெள்ளியிலிருந்து அவரைப் பிரித்தது 0.1 புள்ளி.

சிலிண்டரோ ஒவ்வொரு குண்டுக்கும் கொஞ்சம் காலியாகிக்கொண்டே வருகிறது. 200 பார் 190 ஆகி, 150 ஆகி, 100 ஆகிறது. ஆனாலும் முதல் குண்டும் அறுபதாம் குண்டும் ஒரே வேகத்தில் போக வேண்டும். அதைச் சாதிப்பது ரெகுலேட்டர் என்ற கட்டைவிரல் அளவுப் பொருள்.

முதன்முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்த்த மாலை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. (காற்றை முழுதும் வெளியேற்றிய பிறகு, கைதேர்ந்தவர் அருகில் இருக்க.) வெள்ளைத் துணியில் விழுந்தவை ஒரு பிஸ்டன், இரண்டு ரப்பர் வளையங்கள், கிண்ணம்போல் லேசாகக் குழிந்த பத்துப் பன்னிரண்டு எஃகு வட்டுகள். அவ்வளவுதான். அந்த வட்டுகளை ஒன்றை நிமிர்த்தி ஒன்றைக் கவிழ்த்து அடுக்கினால் அதுவே சுருள்வில்லின் வேலையைச் செய்கிறது.

பிஸ்டனின் ஒரு முனை அகலம், மறுமுனை ஊசிபோல் குறுகல். குறுகிய முனை சிலிண்டரிலிருந்து காற்று வரும் துளையின் வாயில் நிற்கிறது. வட்டுகள் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளித் துளையைத் திறந்தே வைத்திருக்கும். காற்று உள்ளே பாய்ந்து, அகல முனைக்குப் பின்னால் உள்ள அறையை நிரப்பும். அறையில் அழுத்தம் ஏற ஏற, அது அகல முனையை அழுத்தி, வட்டுகளை நசுக்கி, குறுகிய முனையைத் துளையில் பொருத்திவிடும். கதவு சாத்தப்பட்டது. சுட்டதும் அறை காலியாகிறது, வட்டுகள் நிமிர்கின்றன, கதவு மீண்டும் திறக்கிறது. வந்த காற்றே தன் வரவை நிறுத்திக்கொள்கிறது!

இதன் அழகு பரப்பளவில் இருக்கிறது. கணக்குக்காக அகல முனை 10 மில்லிமீட்டர் விட்டம், அறை அழுத்தம் 70 பார் என்று வைப்போம். அந்தச் சுண்டுவிரல் நகமளவு முகத்தில் 55 கிலோ எடை ஏறி உட்கார்ந்ததற்குச் சமமான விசை. துளையின் விட்டம் 1 மில்லிமீட்டர் என்றால், சிலிண்டரின் 200 பார் அந்தத் துளியளவுப் பரப்பில் தருவது ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றே கூடுதல். அது 100 பாராகப் பாதி குறைந்தாலும், 55 கிலோவுக்கு முன் முக்கால் கிலோ மாற்றம் பெரிதாகத் தெரியாது. வெளியே கொட்டினாலும் வற்றினாலும் உள்ளே அதே படி அளந்து ஊற்றப்படுகிறது. 184 பார் காட்டும் சிலிண்டரும் 200 காட்டும் சிலிண்டரும் குண்டுக்கு ஒன்றுதான். சமையல் எரிவாயு உருளையின் தலையில் உட்கார்ந்திருப்பதும் இதே இனம்தான். அங்கே வட்டுக்குப் பதில் சுருள்வில், பிஸ்டனுக்குப் பதில் ரப்பர் சவ்வு.

மலை உயரம்? வட்டுகள் இருக்கும் பக்கம் வெளிக்காற்றுக்குத் திறந்தது. ஆகவே ரெகுலேட்டர் அளப்பது வெளிக்காற்றைவிட எவ்வளவு அதிகம் என்பதைத்தான். பிரஷர் குக்கரின் வெயிட்டும் அப்படியே. 2,240 மீட்டர் உயர உதகையில் வெளியழுத்தம் கடல்மட்டத்தைவிட 0.23 பார் குறைவு. ஒரு பாருக்கு விசிலடிக்கும் குக்கருக்கு அது பெரிய இழப்பு. அதனால்தான் இங்கே பருப்புக்குக் கூடுதல் விசில் கேட்கிறது. 70 பாருக்கு அது முந்நூறில் ஒரு பங்கு. மெல்லிய காற்று குண்டைக் குறைவாகத் தடுப்பதால் அது சற்றே மேலே படலாம். என் கணக்கில் அரை மில்லிமீட்டருக்குள்தான். குறிபார்க்கும் கருவியின் திருகைத் தொட்டால் தீர்ந்தது. கைப்பம்பில் அடைப்பவருக்குத்தான் சிரமம்: கோவையில் 100 முறை அடிக்க வேண்டும் என்றால் உதகையில் சுமார் 125. மூடுபனி நாளில் அடைக்கவே வேண்டாம். ஈரம் உள்ளே போய்த் துருவாகும்.

ரெகுலேட்டர் கெடும் விதமும் அறிய வேண்டியது. துளையின் வாயில் ஒரு தூசி சிக்கினால் கதவு முழுதாகச் சாத்தாது. காற்று மெல்லக் கசிந்து அறை அழுத்தம் ஏறும். பத்து நிமிடம் ஓய்வெடுத்துச் சுடும் முதல் குண்டு மேலே போகும். அடுத்தவை ஒழுங்காகப் போகும். இதைக் கண்ணேறு என்று சொல்லி எலுமிச்சம்பழம் சுற்றிய ஒரு வீட்டை எனக்குத் தெரியும். "ராசியில்லாத சிலிண்டர்" என்று ஒதுக்கிவைத்த ஒன்றில், காற்று ரெகுலேட்டரின் அளவுக்கும் கீழே இறங்கியிருந்தது. ஆயுத பூஜையன்று துப்பாக்கிக்குப் பொட்டு வைப்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் திருத்தக்கூடிய பழுதை விதியென்று ஒரு குழந்தையை நம்பவைத்தால் மனம் வலிக்கிறது.

ஆகவே புதிதாக வாங்குபவர்கள் சுடும் விசை (டிரிக்கர்) 500 கிராமைத் தாங்குகிறதா, பிடி கைக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பதோடு, குண்டின் வேகத்தை அளக்கும் மானியின் முன் இருபது குண்டு சுட்டுக் காட்டச் சொல்லுங்கள். நடுவே பத்து நிமிடம் ஓய்வும் விடுங்கள். சிலிண்டரில் பொறித்த தயாரிப்புத் தேதியையும் பாருங்கள். அதன் ஆயுள் பொதுவாக 10 ஆண்டு. போட்டித் துப்பாக்கிகளில் பெயர்பெற்றவை ஜெர்மனி, ஆஸ்திரியா, இத்தாலி, சுவிட்சர்லாந்திலிருந்து வருகின்றன. பம்பும் வால்வும் கடையும் கோவைப் பட்டறைகளுக்கு இந்த வட்டடுக்கு எட்டாத வித்தை அல்ல. ஆராய்ச்சி மானியம் பல்கலைக்கழக வாசலோடு நின்றுவிடாமல் லேத் வரை வர வேண்டும் என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன்.

அந்தத் தந்தைக்கு ஒரு வேலை. காற்றுக்கும் எடை உண்டு: 100 மில்லி சிலிண்டரில் 200 பார் காற்று ஏறத்தாழ 24 கிராம். 16 பார் உண்மையிலேயே கசிந்திருந்தால் 2 கிராம் குறைய வேண்டும். நகைக்கடைத் தராசில் இன்று ஒருமுறை, நான்கு நாள் கழித்து ஒருமுறை, சுடாமல் வைத்து நிறுத்துப் பாருங்கள். எடையை எனக்கு எழுதுங்கள்.