சொகுசுக் கூடாரமும் ஒரு தலைவலியும்: பாங்கோங் போகிறவர்களுக்கு

ஜூன் பள்ளி விடுமுறை நெருங்கினால் பயண மருத்துவ ஆலோசனைக்கு வரும் குடும்பங்கள் சொல்லி வைத்தாற்போல் ஒன்றையே சொல்கின்றன. "டாக்டர், நாங்க மலை ஏறப் போகல. கேம்ப்லதான் தங்கப் போறோம். கட்டில், வெந்நீர், பாத்ரூம் எல்லாம் கூடாரத்துக்குள்ளேயே இருக்கு." போகுமிடம் லடாக்கின் சாங்தாங் வனவிலங்குச் சரணாலயம், பாங்கோங் ஏரிக்கரை. உயரம் ஏறத்தாழ 4,250 மீட்டர். நம் சிங்கப்பூரில் ஆக உயரமான இடம் புக்கிட் தீமா குன்று, 164 மீட்டர்.

மலை ஏறவில்லை என்கிறீர்கள். சரி, உங்களை ஏற்றிக்கொண்டு போகும் விமானமும் ஜீப்பும் என்ன செய்கின்றன? மலை உயர நோய் நடப்பதால் வருவதில்லை, உயரத்தில் இருப்பதால் வருகிறது. இன்னும் சொன்னால், நடந்து போகிறவர் நாளுக்குச் சில நூறு மீட்டர்தான் ஏறுவார், உடம்பு மெல்லப் பழகிக்கொள்ளும். வெள்ளி இரவு சாங்கியில் விமானம் ஏறி, சனி காலை டெல்லி வழியாக லே நகரில் இறங்குகிறவர் ஒரே மூச்சில் 3,500 மீட்டருக்குப் போய்விடுகிறார். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான், மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனும் அவ்வளவுதான். பாங்கோங்கில் அதைவிடக் குறைவு. கூடாரத்தில் கம்பளம் விரித்திருக்கிறார்களா, தலையணை வாத்து இறகா என்பதெல்லாம் நுரையீரலுக்குத் தெரியாது.

"ஐபிபிடி-யில் (தேசிய சேவையாளரின் உடல்தகுதித் தேர்வு) தங்கம் வாங்கின பையன், இவனுக்கு ஒண்ணும் ஆகாது" என்பது அடுத்தது. உடல் தகுதிக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமே இல்லை. ஒருவர் உடம்பு உயரத்துக்கு எப்படிப் பழகும் என்பதை ஓட்ட நேரத்தை வைத்துச் சொல்ல முடியாது. இறங்கிய அன்றே படியேறிக் கோயில் பார்க்கப் போவதும், தலைவலியை வெளியே சொல்லாமல் சமாளிப்பதும் பெரும்பாலும் இந்தத் தகுதியான பிள்ளைகள்தான்.

முக்கியம் நீங்கள் தூங்கும் உயரம். 3,000 மீட்டருக்கு மேல் ஓர் இரவுக்கும் அடுத்த இரவுக்கும் இடையே 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது பொது விதி. லே-யிலிருந்து பாங்கோங் போனாலே 750 மீட்டர் கூடுகிறது. நுப்ரா பள்ளத்தாக்கில் ஓர் இரவு தங்கிவிட்டுப் போனால் உடம்பு பழகிவிடும் என்று பயண முகவர்கள் சொல்வார்கள். நுப்ரா லே-யைவிடத் தாழ்வு, சுமார் 3,100 மீட்டர். அங்கிருந்து நேரே பாங்கோங் போனால் ஒரே நாளில் 1,100 மீட்டருக்கு மேல் ஏறுகிறீர்கள். ஆகவே லே-யில் குறைந்தது மூன்று இரவு, அதில் முதல் 48 மணி நேரம் முழு ஓய்வு. பாங்கோங்கில் ஓர் இரவு போதும். நாள் இல்லையென்றால் ஏரியைப் பகலில் பார்த்துவிட்டு லே-க்கே திரும்பிவிடுங்கள். ஒரு வழிக்கே ஐந்து மணி நேரம் ஆகும், அலுப்புத்தான். ஆனாலும் உயரத்தில் போய்த் தூங்குவதைவிடப் பத்திரமானது.

மலை உயர நோயைத் தடுக்க அசெட்டசோலமைடு மாத்திரை உதவும். பெரியவர்களுக்கு வழக்கமாக 125 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை, ஏறுவதற்கு முந்தின நாளே தொடங்க வேண்டும். மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடாது. சல்பா மருந்து ஒவ்வாமை இருந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள். விரல் நுனி மதமதக்கும், அடிக்கடி சிறுநீர் வரும், சோடா சப்பென்று இருக்கும். பயப்பட வேண்டாம். புறப்படுவதற்கு முன் வீட்டிலேயே ஓரிரு நாள் போட்டுப் பார்ப்பது நல்லது. முதல் சில இரவுகளில் மதுவும் தூக்க மாத்திரையும் வேண்டாம்.

கற்பூரத்தைக் கைக்குட்டையில் முடிந்து முகர்வதாலோ நெற்றியில் கோடாலித் தைலம் தேய்ப்பதாலோ ரத்தத்தில் ஒரு துளி ஆக்சிஜன்கூட ஏறாது. கடையில் விற்கும் சின்ன ஆக்சிஜன் டப்பாவும் அதிக நேரம் உதவாது. பத்து லிட்டர் டப்பா நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் வீதம் ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். இரவுக்கு என்ன செய்வீர்கள்? முகாமில் பெரிய சிலிண்டர் இருக்கிறதா என்று முன்பதிவுக்கு முன்பே கேளுங்கள். போனதும், வெளிச்சம் இருக்கும்போதே, அளவுமானியின் முள் எங்கே நிற்கிறது, முகமூடி இருக்கிறதா, வால்வைத் திறக்கும் சாவி யாரிடம் என்று பாருங்கள். அதிகாலை இரண்டு மணிக்குச் சாவி தேடும் நிலை வரக்கூடாது.

இனி எனக்கு மிகவும் கவலை தருவது. குளிர் தாங்காமல் விருந்தினர் கேட்பார், ஊழியர் கரி அடுப்போ எரிவாயு ஹீட்டரோ கொண்டுவந்து வைப்பார், சூடு போகாமல் இருக்க நீங்கள் ஜிப்பை இழுத்து மூடுவீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை. அது தருவது தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு. மலை உயர நோயும் தருவது அதையேதான். "உயரம் ஒத்துக்கல" என்று நினைத்து அதே கூடாரத்துக்குள் படுத்துக்கொள்கிறார்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை நம்பாதீர்கள். மோனாக்சைடு ஏறிய ரத்தத்தை அது நல்ல ரத்தம் என்றே காட்டும். உள்ளே இருக்கும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலைவலியா? வெளியே வந்தால் குறைகிறதா? அப்படியானால் எல்லாரும் உடனே வெளியே வாருங்கள், ஆக்சிஜன் கேளுங்கள். தயவுசெய்து, எரியும் எதையும் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள். வெந்நீர்ப் பை, கூடுதல் கம்பளி, தலைக்குக் குல்லா போதும். கையடக்க மோனாக்சைடு அலாரம் ஒன்றை இங்கேயே வாங்கித் தலையணை உயரத்தில் வையுங்கள்.

இரவில் பக்கத்தில் படுத்திருப்பவர் பத்து விநாடி மூச்சு விடாமல் இருந்து, பிறகு பெருமூச்சாக இழுத்தால் அலற வேண்டாம். அந்த உயரத்தில் தூக்கத்தின் மூச்சு அப்படித்தான். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, இருமலில் இளஞ்சிவப்பு நுரை வந்தாலோ நுரையீரலில் நீர் கோக்கிறது என்று பொருள். பேச்சு குழறினால் கம்பளத்தின் ஓரக் கோட்டில் குதிகாலைக் கட்டைவிரலோடு ஒட்டி ஒட்டி வைத்துப் பத்து அடி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் மூளையில் வீக்கம். விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது.

கீழே இறக்குங்கள் என்று எழுதுவது எளிது. பாங்கோங்கிலிருந்து வழக்கமான சாலையில் லே-க்கு வர முதலில் சாங் லா கணவாயில் 5,300 மீட்டருக்கு மேல் ஏறித்தான் இறங்க வேண்டும். அதனால் ஜீப்பும் ஓட்டுநரும் இரவு முகாமிலேயே தங்க வேண்டும், வண்டியில் ஆக்சிஜன் இருக்க வேண்டும், கணவாயில் எதற்காகவும் நிற்கக்கூடாது.

இன்னும் சில. பல முகாம்களில் ஜெனரேட்டர் மாலையில் சில மணி நேரம்தான் ஓடும். தூக்கத்தில் மூச்சுத் தடைபடாமல் இருக்கக் காற்றைச் செலுத்தும் சிபேப் கருவி போடுகிறவர்கள் இதை விசாரிக்காமல் போகாதீர்கள். இன்சுலின் உறைந்தால் பயனற்றது, இரவில் போர்வைக்குள் உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள். இதய, நுரையீரல் நோயாளிகளும் கர்ப்பிணிகளும் டிக்கெட் போடுவதற்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள், டிக்கெட்டை நீட்டி "போகலாமா?" என்று கேட்காதீர்கள். பயணக் காப்புறுதியில் உயர வரம்பு இருக்கிறதா என்று சிறிய எழுத்தையும் படியுங்கள். அவசரத்துக்கு உதவும் என்று சாட்டிலைட் தொலைபேசியையோ சாட்டிலைட் வழியே செய்தி அனுப்பும் கருவியையோ பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். முன் அனுமதி இல்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுபோனால் விமான நிலையத்திலேயே பிடித்து வைத்துவிடுவார்கள்.