ரத்தத்தில் கொழுப்பு குறைந்தால் மனம் தளருமா?

கொலஸ்டிராலைக் குறைக்கும் மாத்திரையால் தற்கொலை எண்ணம் வருமா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இந்த அச்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு. கொலஸ்டிராலைக் குறைக்கும் சிகிச்சைகளின் ஆறு சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்த மல்டூன் என்ற ஆய்வாளரின் குழுவினர், 1990இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். கொலஸ்டிராலைக் குறைத்துக்கொண்டவர்களிடையே விபத்து, தற்கொலை, வன்முறை ஆகியவற்றால் நேர்ந்த மரணங்கள் கூடியிருந்தன. தற்கொலைக்கு முயன்றவர்களின் ரத்தத்தில் கொலஸ்டிரால் சராசரியாகக் குறைந்திருப்பதாகப் பின்னர் வந்த ஆய்வுகள் பலவும் கூறின.

ஏன் அப்படி? 1992இல் எங்கல்பெர்க் என்ற ஆய்வாளர் ஒரு கருதுகோளை முன்வைத்தார்: நரம்பு செல்லின் சவ்வில் கொலஸ்டிரால் குறைந்தால் செரட்டோனின் ஏற்பிகள், அதாவது செரட்டோனின் என்ற செய்தி கடத்தும் வேதிப்பொருளைப் பெற்றுக்கொள்ளும் புரதங்கள், தடுமாறும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். செரட்டோனின் ஏற்பி பெரும்பாலும் ஒரு நீண்ட புரத இழை. சவ்வை ஏழு முறை ஊடுருவி, தையல் நூலைப் போல உள்ளும் வெளியுமாகப் போய்வருகிறது. அதன் மடிப்புகளை ஒட்டிக் கொலஸ்டிரால் மூலக்கூறுகள் அமர்ந்திருக்கின்றன. ஐதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் அமிதாப சட்டோபாத்யாயின் குழு, மாட்டு மூளையின் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியின் செல் சவ்விலிருந்து கொலஸ்டிராலை மட்டும் உருவி எடுத்துப் பார்த்தது. ஏற்பி அங்கேயே இருந்தது. ஆனால் பிற மூலக்கூறுகளுடன் பிணையும் அதன் திறன் சரிந்தது. கொலஸ்டிராலைத் திரும்பச் சேர்த்ததும் அந்தத் திறன் பெருமளவு மீண்டது! வெறும் கொழுப்பு என்று நாம் ஒதுக்கும் பொருள், மனநிலையோடு தொடர்புடைய ஒரு புரதத்தின் வடிவத்தையே தாங்கிப் பிடிக்கிறது.

ஆனால் இங்கிருந்து ரத்தப் பரிசோதனை அறிக்கைக்குத் தாவ முடியாது. உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதமே உள்ள மூளையில் உடலின் மொத்தக் கொலஸ்டிராலில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கிறது. ஏறத்தாழ அவ்வளவையும் மூளை தானே தயாரித்துக்கொள்கிறது. ரத்தத்தில் மிதக்கும் கொலஸ்டிரால் ரத்த-மூளைத் தடுப்பைத் தாண்டுவதில்லை. தவிர, மனச்சோர்வில் பசி மங்கும், எடை குறையும், அதனால் கொலஸ்டிராலும் இறங்கலாம். அப்படியானால் குறைந்த அளவு நோயின் விளைவே தவிரக் காரணம் அல்ல. 1994, 1995ஆம் ஆண்டுகளில் வெளியான ஸ்டேட்டின் என்ற கொலஸ்டிரால் குறைப்பு மாத்திரைகளின் பெரிய சோதனைகளிலும் இத்தகைய மரணங்கள் கூடவில்லை. எனவே பயந்து மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால், கொலஸ்டிரால் எவ்வளவு இருந்தாலும் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். ஓர் எண்ணை வைத்து மனத்தைக் கணிப்பது ஜாதகம் பார்ப்பதற்குச் சமம்.

மூளை தன் உபரிக் கொலஸ்டிராலை 24-ஹைட்ராக்சி கொலஸ்டிராலாக மாற்றி ரத்தத்துக்குள் அனுப்புகிறது. தற்கொலை ஆய்வுகளுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியையாவது இந்த மூலக்கூறை அளப்பதற்குச் செலவிட வேண்டும் என்பேன். ரத்தத்தின் மொத்தக் கொலஸ்டிராலை மீண்டும் மீண்டும் அளப்பதைவிட அது மூளைக்கு நெருக்கமான தடயம்.