பனிநீரில் இறங்கும் முன் துடுப்புப் போடுவது ஏன்?

ஜனவரி 15. ஜப்பானின் வடக்கே ஹொக்கைடோ தீவில் கிகோனாய் என்றொரு சின்ன ஊர். இடுப்பில் ஃபுன்தோஷி மட்டும் கட்டிய நாலு இளைஞர்கள் (நம் கோவணத்துக்குப் பங்காளி முறை வரும் துணி அது), ஆளுக்கொரு சாமி உருவத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, த்சுகாரு நீரிணையின் கடல் தண்ணீருக்குள் நடந்து போகிறார்கள். அதற்கு முந்தைய இரண்டு நாளும் கோவில் வாசலில் ராப்பகலாக ஒருவர் மாற்றி ஒருவர் தலையில் பச்சைத் தண்ணீரை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள்தான் இவர்கள். 1831-ல் ஆரம்பித்த வழக்கம். இந்த வேலைக்கு வரும் இளைஞர் ஒரு வருடத்தோடு விடுபட முடியாது, தொடர்ந்து 4 வருடம் செய்ய வேண்டும். இந்த 4 வருடக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்படித் தண்ணீரால் உடலையும் மனதையும் கழுவிக்கொள்ளும், ஜப்பானின் பழைய மதமான ஷின்டோவின் சடங்குக்கு மிசோகி என்று பெயர். 712-ல் தொகுக்கப்பட்ட கோஜிகி என்ற ஜப்பானியப் புராண நூலில் இதற்கொரு மூலக்கதை உண்டு. செத்துப்போன மனைவியைத் தேடிப் பாதாளத்துக்குப் போன இசானகி, அங்கே அவள் அழுகிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு ஓடி வந்து, ஆற்று நீரில் தீட்டைக் கழுவுகிறான். இடது கண்ணைக் கழுவும்போது சூரிய தேவி அமதெராசு பிறக்கிறாள், வலது கண்ணில் நிலா, மூக்கில் புயல். சாவுக்குப் போய்வந்தால் தலை முழுகுகிற நமக்கு இந்தக் கதையை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஜப்பானியக் கோவில் வாசல்களில் அகப்பையால் அள்ளிக் கையையும் வாயையும் கழுவச் சொல்கிறார்களே, அது இதே மிசோகியின் சுருக்கப் பதிப்பு.

சரி, சாமி சமாச்சாரம் இருக்கட்டும். என்னைப் பிடித்து உட்கார வைத்தது வேறு. மியே மாநிலத்தில் சுஸுகா பக்கம் சுபாகி பெருங்கோவில் இருக்கிறது, அங்கே அருவியில் மிசோகி செய்கிறவர்கள் நேராகப் போய்த் தண்ணீருக்கடியில் நிற்பதில்லை. முதலில் இரண்டு உள்ளங்கைகளையும் ஒரு பந்தைப் பொத்திப் பிடித்ததுபோலச் சேர்த்து, வயிற்றுக்கு முன்னால் வைத்துக் குலுக்குகிறார்கள், இதற்குப் பெயர் ஃபுரிதாமா. அப்புறம் தொரிஃபுனே: ஒரு காலை முன்னால் வைத்து, இல்லாத படகுக்கு இல்லாத துடுப்பைப் போடுவது, ஒவ்வொரு இழுப்புக்கும் வாய்விட்டுச் சத்தம். அதன் பிறகு உப்பு, சாகே எனும் அரிசி மது. பிறகுதான் தண்ணீர். அருவிக்கடியில் நிற்கும் நேரம் முழுக்க ஒரே மந்திரத்தை அடிவயிற்றிலிருந்து கத்திக்கொண்டே இருக்க வேண்டும். வெளியே வந்தபின் மறுபடி ஃபுரிதாமா.

இந்த வரிசையைப் பார்த்துவிட்டு, குளிர்நீரில் உடம்பு என்ன பாடுபடுகிறது என்று உடலியங்கியல் சொல்வதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இந்தச் சடங்கை வகுத்தவர்களுக்கு நரம்பைப் பற்றி ஒன்றும் தெரியாவிட்டாலும் முதல் ஒரு நிமிடத்தைப் பற்றி எல்லாமே தெரிந்திருக்கிறது என்றுதான் தோன்றுகிறது.

மார்கழி விடியலில் தொட்டித் தண்ணீரை முதல் சொம்பு ஊற்றும்போது 'ஹக்' என்று ஒரு மூச்சு உள்ளே போகுமே, நீங்கள் இழுக்காமல் தானே போகும். அதுதான் விஷயத்தின் மையம். குளிரை உணரும் நரம்பு முனைகள் தோலில் அரை மில்லிமீட்டர்கூட ஆழமில்லாத இடத்தில் இருக்கின்றன. அவற்றில் டிஆர்பிஎம்8 என்ற புரதம் ஒரு கதவுபோல வேலை செய்கிறது. வெப்பம் ஏறக்குறைய 26 டிகிரிக்குக் கீழே இறங்கினால் கதவு திறந்து, நரம்பு மூளைக்குத் தந்தி அடிக்கும். மென்தால் பட்டாலும் இதே கதவு திறக்கும், பெப்பர்மின்ட் மிட்டாய் வாயில் ஜில்லென்று இருப்பது அதனால்தான், உண்மையில் அங்கே எதுவும் குளிர்ந்திருக்காது. இதை 2002-ல் தனித்தனியாகக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியன் இருவருக்கும் 2021-ல் நோபல் பரிசு கிடைத்தது (வெப்பத்தையும் தொடுதலையும் உணரும் வாயில்களையும் சேர்த்துத்தான்).

ஒரு சொம்புக்கு ஒரு 'ஹக்'. உடம்பு முழுக்க ஒரே நொடியில் தண்ணீரில் போனால் அந்த எல்லா நரம்பு முனைகளும் ஒரே நேரத்தில் கத்தும். உடனே 2, 3 லிட்டர் காற்றை உறிஞ்சும் ஒரு பெரிய விக்கல் மூச்சு, அதைத் தொடர்ந்து நாய் இளைப்பதுபோல வேகமான மூச்சு, இதயம் தடதடவென்று ஓடும், தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கி ரத்த அழுத்தம் எகிறும். இதற்குக் குளிரதிர்ச்சி என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். பிரிட்டனில் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தின் மைக் டிப்டன் இதைப் பல வருடங்களாக ஆராய்ந்து வருகிறார். அது முதல் அரை நிமிடத்தில் உச்சத்துக்குப் போய், இரண்டு மூன்று நிமிடத்துக்குள் அடங்கிவிடுகிறது. குளிர்ந்த நீரில் விழுந்தவர்கள் விறைத்துச் சாகிறார்கள் என்று நாம் நினைக்கிறோம். விறைக்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், பல பேர் அதற்கு வெகுநேரம் முன்பே, அந்த முதல் நிமிடத்தில் தண்ணீருக்கடியில் வாய் இருக்கும்போது அந்த ஒரு மூச்சை இழுத்துத்தான் மூழ்குகிறார்கள்.

இப்போது மந்திரத்துக்கு வாருங்கள். கத்திக்கொண்டே மூச்சை உள்ளே இழுக்க முடியாது, முயன்று பாருங்கள். நீளமான ஒரு வாக்கியத்தை அடிவயிற்றிலிருந்து திரும்பத் திரும்பச் சொல்கிறவன் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் மெதுவாக மூச்சை வெளியே விடுகிறான், குளிரதிர்ச்சி கேட்பதற்கு நேர் எதிரான வேலை அது. துடுப்புப் போடும் பயிற்சி தசைகளில் சூட்டைக் கிளப்புகிறது, மூச்சையும் ஒரு தாளத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறது. மனப்பயிற்சி பெற்றவர்களால் குளிர்நீரில் மூச்சைக் கூடுதல் நேரம் பிடித்து வைக்க முடிந்தது என்று போர்ட்ஸ்மவுத் சோதனைகளிலேயே வந்திருக்கிறது, ஆக இது முழுக்க நரம்பின் ஆட்சி மட்டுமல்ல, கொஞ்சம் நம் கையிலும் இருக்கிறது.

அருவி என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. தண்ணீர் காற்றைப்போல ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். ஆனாலும் அசையாத தண்ணீரில் அசையாமல் உட்கார்ந்தால், உடம்பைச் சுற்றி வெதுவெதுப்பான ஒரு மெல்லிய படலம் தங்கிவிடும், கொஞ்சம் சமாளிக்கலாம். அருவியில் அந்தப் படலம் உருவாக வழியே இல்லை, ஒவ்வொரு நொடியும் புதுத் தண்ணீர். அதனால் தொட்டியில் 10 நிமிடம் இருந்தேன் என்று பெருமை பேசுகிறவர்கள் அருவியில் நிற்பவரோடு நிமிடக் கணக்குப் போடக் கூடாது.

அப்புறம் அந்த 4 வருடம். குளிரதிர்ச்சி பழகக்கூடியது. ஐந்தாறு தடவை, ஒவ்வொரு தடவையும் சில நிமிடங்கள் குளிர்நீரில் இறங்கி எழுந்தாலே அந்த 'ஹக்' கணிசமாகக் குறைந்துவிடுகிறது. இன்னும் ஆச்சரியம், அந்தப் பழக்கம் மாதக்கணக்கில், ஒரு பகுதி ஒரு வருடத்துக்குக்கூட, உடம்பில் தங்குகிறது. சிபா மாநிலத்தில் நகயாமா ஹொக்கேக்யோஜி என்ற நிச்சிரென் பௌத்தக் கோவிலில் துறவிகள் 100 நாள் கடுந்தவம் செய்கிறார்கள், விடிகாலை 3 மணிக்கு ஆரம்பித்து ராத்திரி 11 வரை நாளுக்கு 7 முறை குளிர்நீரை அள்ளி ஊற்றிக்கொள்வது அதன் ஒரு பகுதி. அது நவம்பர் 1-ல் ஆரம்பித்து பிப்ரவரி 10-ல் முடிகிறது. நட்ட நடுக் குளிர்காலம் வந்து சேர்வதற்குள் அந்த உடம்பு சில நூறு முறை தண்ணீரைப் பார்த்திருக்கும். எந்தப் பயிற்சியாளரும் இதைவிட நல்ல அட்டவணை போட்டுத் தர முடியாது.

குளித்து வெளியே வந்ததும் வரும் அந்தத் தெளிவு, ஒரு சின்ன போதை, அது பொய்யல்ல. 2000-ல் வெளியான செக் நாட்டு ஆய்வு ஒன்றில், 14 டிகிரி தண்ணீரில் ஒரு மணி நேரம் கழுத்தளவு உட்கார வைக்கப்பட்டவர்களின் ரத்தத்தில் உடம்பை உசுப்பிவிடும் ரசாயனங்களான நார்அட்ரினலின் 530 சதவீதமும் டோபமின் 250 சதவீதமும் கூடியிருந்தன. இணையத்தில் குளிர்நீர்ப் பிரசங்கம் செய்யும் எல்லோரும் இந்த 250-ஐச் சொல்வார்கள், அந்த 'ஒரு மணி நேரத்தை' மட்டும் வசதியாக விட்டுவிடுவார்கள். இரண்டு நிமிட ஷவருக்கு அதே கணக்கு பொருந்தாது.

இன்றைய ஜப்பானில் அருவிக்குப் போகிறவர்களைவிட சௌனாவுக்குப் போகிறவர்கள்தான் அதிகம். 80, 90 டிகிரி அறையில் வியர்த்து வழிந்து, நேராக மிசுபுரோ எனப்படும் 15 முதல் 18 டிகிரி வரையான குளிர்த்தொட்டியில் ஒரு நிமிடம், பிறகு வெளியே போட்டிருக்கும் நாற்காலியில் சாய்ந்து ஒன்றுமே செய்யாமல் பத்து நிமிடம். இதையே மூன்று சுற்று. கடைசியில் வருகிற நிலைக்கு தொதொனோவு என்று சொல்கிறார்கள், எல்லாம் ஒழுங்காகிச் சீரானது என்று அர்த்தம். அதற்குப் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம்: குளிரின் அட்ரினலின் இன்னும் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்க, நரம்பு மண்டலம் அதற்குள் ஓய்வுப் பக்கம் சாய்ந்துவிடுகிறது, விழிப்பும் தளர்வும் ஒரே நேரத்தில். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அதில் ஒரு பங்கு வெறும் ரத்த அழுத்தம் இறங்கிய கிறுகிறுப்பாகவும் இருக்கலாம் என்பது என் சந்தேகம், நாற்காலி எதற்குப் போட்டிருக்கிறார்கள் என்று யோசியுங்கள்.

விளையாட்டு வீரர்கள் செய்யும் சூடு-குளிர் மாற்றுக் குளியலுக்கு வேறொரு விளக்கம் சொல்கிறார்கள்: சூட்டில் ரத்தக்குழாய் விரியும், குளிரில் சுருங்கும், இப்படி மாறி மாறிச் செய்தால் பம்பு அடித்ததுபோலக் கழிவெல்லாம் வெளியேறிவிடும். பாதி சரி. தோலில் இது கண்ணுக்கே தெரியும். ஒரு பக்கெட்டில் ஐஸ் கொட்டிக் காலை விட்டுப் பார்த்தேன், கால் நிமிடத்தில் எலும்புக்குள் குடைவது போன்ற வலி, மூன்றாவது நிமிடத்தில் மரத்துப்போனது, வெந்நீருக்கு மாற்றிய கொஞ்ச நேரத்தில் கணுக்கால் வரை சாக்ஸ் போட்டதுபோல பீட்ரூட் சிவப்பு, அதற்கு மேலே பழைய நிறம், நடுவே ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி. ஆனால் தோலுக்கும் கொழுப்புக்கும் கீழே, தசைக்குள் ஊசி வைத்து வெப்பத்தை அளந்தவர்கள் பார்த்தது வேறு. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று மாற்றும்போது தசைக்குள் வெப்பம் மாறுவதே இல்லை என்று சொல்லுமளவு கொஞ்சமாகத்தான் மாறுகிறது. சூடும் குளிரும் உள்ளே போய்ச் சேர்வதற்குள் ஆட்டம் மாறிவிடுகிறது.

அப்படியும் வலி குறைகிறது, சும்மா உட்கார்ந்திருப்பதைவிட நன்றாகவே. ஒரு காரணம் யாரும் விளம்பரம் செய்யாதது: தண்ணீரின் எடை. 1 மீட்டர் ஆழத்தில் தண்ணீர் தரும் அழுத்தம் சுமார் 74 மில்லிமீட்டர் பாதரசம். நெஞ்சளவு நீரில் நிற்பவரின் வீங்கிய கெண்டைக்காலை நாலா பக்கமும் ஒரு கை பிடித்து அழுத்துவதற்குச் சமம், அது சூடாக இருந்தாலும் சரி, குளிர்ந்திருந்தாலும் சரி. இன்னொன்று, குளிர் நரம்பின் வேகத்தைக் குறைத்து வலியை மழுக்குகிறது. உடம்பைக் கட்ட எடை தூக்குகிறவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும். 12 வாரம் நடந்த ஒரு சோதனையில், ஒவ்வொரு பயிற்சி முடிந்ததும் 10 நிமிடம் 10 டிகிரித் தண்ணீரில் உட்கார்ந்தவர்களுக்குத் தசை வளர்ச்சி குறைவாகத்தான் இருந்தது, 2015-ல் வந்த முடிவு இது. தசை வளர்வதற்கான சமிக்ஞையையும் சேர்த்துக் குளிர் அணைத்துவிடுகிறது.

குளிரில் ஒரு ஆபத்து இன்னும் நுட்பமானது. முகம் குளிர்நீரில் பட்டு மூச்சையும் அடக்கினால், இதயத்தை மெதுவாக்கச் சொல்லும் பழைய அனிச்சை ஒன்று கிளம்பும், சீல்களுக்கும் நமக்கும் பொதுவானது. அதே நேரத்தில் குளிரதிர்ச்சி இதயத்தை வேகமாக ஓடச் சொல்கிறது. ஒரே வண்டியில் ஒரு கால் பிரேக்கிலும் ஒரு கால் ஆக்சிலேட்டரிலும். டிப்டனும் இதய ஆய்வாளர் மைக்கேல் ஷாட்டாக்கும் 2012-ல் இதை எழுதினார்கள், ஆரோக்கியமான இளைஞர்களிடமே தாளம் தப்பிய துடிப்புகள் வருகின்றன. பெரும்பாலும் தானே சரியாகிவிடும். இதய நோய், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இந்தப் பந்தயத்துக்கே வர வேண்டாம்.

வேடிக்கை என்னவென்றால், ஜப்பானில் அதிகம் பேரைக் கொல்வது பனிநீர் அல்ல, வீட்டு வெந்நீர்த் தொட்டி. குளிர்காலத்தில் சூடேற்றாத உடைமாற்றும் அறையில் துணியைக் கழற்றி நடுங்கும்போது ஏறும் ரத்த அழுத்தம், 42 டிகிரித் தண்ணீரில் கழுத்துவரை அமிழ்ந்ததும் சரேலென இறங்குகிறது, முதியவர் மயங்கித் தொட்டிக்குள் சரிந்துவிடுகிறார். வருடத்துக்குப் பல ஆயிரம் பேர். அங்கே இதை ஹீட் ஷாக் என்றே அழைத்து, குளிர்காலம் தொடங்கியதும் எச்சரிக்கிறார்கள்: முதலில் அறையைச் சூடாக்குங்கள், தண்ணீரை 41 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள், எழும்போது மெதுவாக எழுந்திருங்கள். கூடவே பொதுக் குளியலறைகளில் எந்தக் காலத்திலிருந்தோ இருக்கும் காக்கேயு என்ற பழக்கம், தொட்டிக்குள் இறங்கும் முன் சின்ன வாளியில் மொண்டு முதலில் பாதத்தில், அப்புறம் முழங்காலில், இடுப்பில், தோளில், நெஞ்சுக்குக் கடைசியாக.